ஆறு மணி நேரத் தொலைவு

ரொட்டிக்கடையின் குளிர்பெட்டி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கிறது. ரீயூனியன் தீவில் எல்லாக் கடையிலும் இருக்கும் பெட்டிதான். என்னால் மட்டும் அதன் பக்கத்தில் நிற்க முடிவதில்லை. வரிசையிலிருந்து விலகித் தெருவைப் பார்த்து நின்றுகொள்கிறேன். கடைக்கார அம்மாளின் முன்னோர் நம் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கே கரும்பு வெட்ட வந்தவர்கள். பெயரில் தமிழ் இருக்கிறது, நாக்கில் இல்லை. புதுச்சேரி எவ்வளவு தூரம் என்று பிரெஞ்சில் கேட்டார். ஆறு மணி நேரம் என்றேன்.

"அவ்வளவுதானா? அப்பாவைப் பார்க்க அடிக்கடி போவீர்கள், இல்லையா?"

"உய்," ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த உறுமலை முதலில் தொலைபேசியில்தான் கேட்டேன். புதுச்சேரியில், சாரத்து வீட்டுக் கூடத்தில் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் அக்காவின் கணவர் பேசினார்.

"மாப்ள, போன்ல பாத்துட்டேன். உங்க ஊரு ஏர்போர்ட்லேருந்து நம்ம ஏர்போர்ட்டுக்கு நாலாயிரத்தி ஐநூறு கிலோமீட்டராம். ஆறு மணி நேரம்னு போட்டிருக்கு. கொள்ளி நீதான வெக்கணும், நீ வந்தப்புறம்தான் எடுக்கறோம். கிளம்பிட்டியா?"

அது யாரோ வரைபடத்தில் இழுத்த கோடு. அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. வேறொரு நாட்டில் இறங்கி, மாறி, சென்னை போய், அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால், சரி எப்பதான் வருவ என்ற கேள்வி வரும். நான் வர விரும்பவில்லை. ஒன்பது வருடமாக அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நான் ஏய்த்த முகம் அப்பாவுடையது. இனி அது கோபித்துக்கொள்ளக்கூட முடியாது என்பது பயமாக இருந்தது. கட்டிலில், லுங்கியோடு உட்கார்ந்தபடி, "கிளம்பிட்டேன் மாமா" என்றேன்.

மாமா லாஸ்பேட்டை விமான நிலைய வாசலில் வெயிலில் பைக்கோடு நின்றிருக்கிறார். "அந்த ஊரு பிளேன்லாம் இங்க வராதுங்க" என்று காவலாளி சொல்லியும் நகரவில்லை. வீட்டில் ஒரு பங்காளி, "பிரெஞ்சுக்காரன் ஆச்சே, தனி பிளேன் புடிச்சி வருவான்" என்றாராம். சிலர் சிரித்தார்களாம். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். விமானம் தவறிவிட்டதென்று நான் செய்தி அனுப்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் நின்றேன். இலை போடும் இடத்தில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்க மாப்ள. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். பாவம், ஒரு பகலு பூரா பெரியவர காக்க வெச்சிட்டேன்."

நான் அவர் கையை அழுத்தினேன். அதற்கு மன்னித்துவிட்டேன் என்று பொருள் ஆகிவிட்டது.

அக்காவிடம் மட்டும் கொல்லைப்புறத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அவருகிட்ட சொல்லிடாத. உன் மேல வெச்சிருக்கற மரியாதயாவது மிஞ்சட்டும்."

மறுநாள் சென்னைக்குப் போக வேண்டிய கார் தெருவில் நின்றது. மாமா என் பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்தார். ஒரு கால் காருக்குள், ஒரு கால் சாரத்து மண்ணில். எந்தக் காலை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"வரேன்க்கா."

அவள் மாமாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "போறேன்னே சொல்லுடா. யாரும் காத்திருக்க மாட்டோம்."