காய்ந்த பாத்தி

புல் ஆராய்ச்சிப் பண்ணையில் எல்லோரும் அவளை முட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் முட்டியக்காதான். புல்லைக் குனிந்து பார்த்தால் போதாது, மண்டி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. அதனால் எந்தக் கால்சட்டை வாங்கினாலும் முதலில் கிழிவது முழங்கால்தான். கோபம் வந்தால் கத்த மாட்டாள், மனதில் போட்டு வைத்துக்கொள்வாள். கத்துகிறவர்களோடு காலம் தள்ளிவிடலாம். இந்த ரகத்திடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் சாலையின் நடுத்திட்டுக்கும் ஏற்ற, தண்ணீர் அதிகம் கேட்காத புல்லை உருவாக்குவது அவள் வேலை. ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்ப்பாள். விதை எடுத்து முளைக்க வைத்து, தேறியதைப் பாத்தி பாத்தியாக நட்டு, கோடையில் தண்ணீரை நிறுத்திவிட்டு எது தாங்குகிறது என்று பார்ப்பாள். பெரும்பாலும் எதுவும் தாங்காது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பண்ணையின் தலைவர் அவளுடைய அத்தான், கூடப்பிறந்த அக்காவின் கணவர். ஒரு காலத்தில் இருவரும் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவர்கள். அவளைப் போலவே அவரும் புல் பைத்தியம். அவள்தான் ஒருநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தாள். வந்தவர் அக்காவைப் பார்த்தார், கல்யாணமும் ஆயிற்று. அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

அவள் உருவாக்கிய முதல் புல்லை அவர் தன் கண்டுபிடிப்பாகப் பதிவு செய்தபோதுதான் வினை தொடங்கியது. பல வருட உழைப்பு அது. அவள் வாயை அடைக்க ஒரு தந்திரமும் செய்தார். அந்தப் புல்லுக்குத் தன் மகளின் பெயரை வைத்துவிட்டார். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் பெயர். எந்த முகத்தோடு அந்தப் பெயரை எதிர்த்துச் சண்டை போடுவது?

அக்காவிடம் போய் அழுதாள். அக்கா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "யார் பேர்ல வந்தா என்னடி? நம்ம வீட்டுக்குத்தானே பெருமை."

அந்தப் புல்தான் அவரைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தது. பாராட்டு விழாவில் அவளும் கை தட்டினாள். வயிறு எரிய எரியத் தட்டினாள். என்றைக்காவது இந்த மனிதர் ஊரறிய மண்ணைக் கவ்வ வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அதன் பிறகு அத்தானிடம் ஒரு நாளும் முகம் கோணவில்லை. அதையும் நல்ல அறிகுறி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வருடங்கள் போயின. ஒரு கடும் கோடையில் சோதனை வயலில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். எல்லாப் பாத்திகளும் வெளுத்துப்போக, ஓரத்தில் ஒரே ஒரு பாத்தி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. முட்டியக்கா வழக்கம்போல் மண்டியிட்டு உள்ளங்கையை மண்ணில் அழுத்திப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அடியில் புதைந்து கிடந்த பழைய குழாய் கசிந்துகொண்டிருந்தது. திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்தால் எந்தப் புல்தான் பச்சையாக இருக்காது? அந்தப் பாத்தியை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவள் மனம் அதற்குப் பக்கத்துப் பாத்தியில் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வைக்கோல். ஆனால் அது சாகவில்லை, தூங்கியது. தண்ணீர் நின்றதும் முதல் ஆளாகக் காய்ந்து படுத்துவிடும், ஒரு மழை பெய்தால் போதும், அடிவேரிலிருந்து மெத்தென்று எழுந்து வரும். முந்தைய கோடையிலும், அதற்கு முந்தைய கோடையிலும் அப்படித்தான் எழுந்தது. வாழ்நாளெல்லாம் தேடியது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த முறை தன் பெயரில்தான் வர வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கால் சுளுக்கிக்கொண்டு வீட்டில் படுத்தாள். அத்தான் நகராட்சிப் பெரியவர்களை வயலுக்கு அழைத்து வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டைக்காரர் அவர், மண்டியிட்டு வருடக்கணக்காகிவிட்டது. பச்சைப் பாத்தியைப் பார்த்தவர் அங்கேயே நின்று வாக்குக் கொடுத்துவிட்டார். நகர மையத்தில் வரப்போகும் பெரிய சதுக்கத்துக்கு இந்தப் புல்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதற்குத் தான் பொறுப்பு என்றார்.

நொண்டிக்கொண்டே அவள் வேலைக்குத் திரும்பிய காலையில் வயலில் இயந்திரம் நின்றது. பச்சைப் பாத்தியை மட்டும் பாளம் பாளமாக வெட்டி எடுத்துவிட்டு, அதைப் பெருக்க இடம் வேண்டுமென்று மற்றதையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா," என்றார் அத்தான். "செத்த புல்லை வச்சிக்கிட்டு என்ன பண்றது, அதான் எடுக்கச் சொல்லிட்டேன். உனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

ஒரு பிடி போதும். குனிந்து அந்த வைக்கோலில் ஒரு பிடியை வேரோடு எடுத்துப் பைக்குள் போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் இந்தக் காய்ந்த சனியன் உனக்கு எதற்கு என்று அவர் கேட்பார். முட்டாள் இல்லை, கேட்ட கையோடு பச்சைப் பாத்தியின் மண்ணையும் தொட்டுப் பார்ப்பார். பிறகு அவரை எங்கே விழ வைப்பது?

"எனக்கென்ன ஆட்சேபணை?" என்றாள். "நீங்க பாத்து செஞ்சா சரியாத்தான் இருக்கும், அத்தான்."

இயந்திரம் பக்கத்துப் பாத்திக்குள் இறங்கியது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாயங்காலம் மண்குவியலைக் கிளறிப் பார்த்தாள். செத்த புல்லும் தூங்குகிற புல்லும் ஒரே நிறத்தில் கலந்து கிடந்தன. மறுநாள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

அடுத்த கோடையில் அவள் கேட்டது கிடைத்தது. சதுக்கம் முழுக்க விரித்த புல், தண்ணீரை நிறுத்தியதும் பொசுங்கிப்போனது. மழை வந்தும் எழவில்லை. பத்திரிகைக்காரர்கள் விளாசினார்கள். விசாரணைக் கூட்டத்தில் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து அவள் கண் குளிரப் பார்த்தாள். பதவி போனது. இனிப் புல்லே வேண்டாமென்று சதுக்கத்தில் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தன்னைக் கவிழ்த்தது விதி என்றே அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். யார் அடித்தார்கள் என்று தெரியாமல் விழுகிறவனை வீழ்த்தி என்ன பிரயோசனம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நேராக அவர் வீட்டுக்குப் போனாள். அக்கா சமையலறையில் இருந்தாள். அவர் முன்னறையில் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பச்சைப் பாத்திக்கு அடியில குழாய் கசிஞ்சுது, அத்தான். எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "அப்போ அந்த வயல்ல நல்லது எதுவுமே இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. பக்கத்துப் பாத்தி. நீங்க தோண்டச் சொன்னது."

"காஞ்சு கிடந்ததா? எழுந்துச்சா அது?"

"ரெண்டு கோடைக்கும் எழுந்துச்சு."

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்து முகம் அது. "தொட்டா எப்படி இருந்துச்சு?"

"மெத்துன்னு."

"ஒரு பிடி எடுத்து வச்சிருப்பியே?"

"இல்ல. எடுத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சு போயிருக்கும்."

அவர் கண் கலங்கியதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். பதவி போன அன்றுகூட அவர் கலங்கவில்லை.

"நான் உன் பேரைத்தான்மா எடுத்தேன்," என்றார். "உன் புல்லு உசுரோடதான் இருந்துச்சு. இன்னிக்கும் பள்ளிக்கூட மைதானமெல்லாம் இருக்கு."

அக்கா தண்ணீரோடு வந்தபோது அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஏன் அதற்குள் கிளம்பிவிட்டாய் என்று அக்கா கேட்கும்போதே தெருவில் இறங்கிவிட்டாள். எதை வேண்டுமானாலும் சொல்ல உரிமை இருந்த மனிதர், போயும் போயும் அதைச் சொல்லிவிட்டார். முன்பு செய்ததற்குப் பழி தீர்த்தாகிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்கு எப்படித் தீர்ப்பது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.