மடித்துக் குத்திய பின்னல்

1. என் போர்டிங் அறைத்தோழிக்குக் கனடாவில் சம்பந்தம் பேசினார்கள். படம் கேட்டார்கள்.
2. இரண்டு படம் வேண்டும் என்றாள். பட்டுச் சேலையில் ஒன்று, மாமியாருக்கு. ஜீன்ஸில் ஒன்று, தனக்கு.
3. கண்டிச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஸ்டூடியோவில் எடுத்தோம். கடைக்காரர் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்ததால் கமராவை என்னிடம் விட்டிருந்தார்.
4. பிலிமைக் கழுவிய பிறகு, இரண்டாவது படத்தைத் தர முடியாது என்றார்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவள் என்பதால் ஒளியமைப்பு என் பொறுப்பு. ஒரே கதிரை, இடப்பக்கம் ஒரே விளக்கு, முகத்துக்கும் ஒரே திருப்பம். உடை மட்டும் மாறவேண்டும். பட்டுக்கு அட்டிகையும் மல்லிகையும். ஜீன்ஸுக்குக் கறுப்புச் சட்டை, அதன்மேல் அகலமான பெல்ட், நான் வேர்க்‌ஷொப்புக்குப் போடும் சப்பாத்து.

"சேலையைக் கண்டு மாமி ஓம் எண்டு சொல்லுவா. சப்பாத்தைக் கண்டு மாப்பிள்ளை ஓடுவார்," என்றாள்.

"ஓடட்டும். ஓடுற ஆளு ஒனக்கு எதுக்கு?"

மல்லிகையை எடுத்ததும், இடுப்புவரை தொங்கிய கூந்தல் சட்டைக்குப் பொருந்தவில்லை. அவளே இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து மேலே குத்தினாள். கண்ணாடியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கூச்சம் என்று நினைத்தேன். நான் கண்டிக்குப் பக்கத்து வத்தேகமக்காரி. அவளுடைய யாழ்ப்பாணத்தை நான் பார்த்ததில்லை.

படம் கழுவி முடிந்ததும், நானா கடைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் படத்தை மேசையில் வைத்தார்.

"என்ன மகள் இது? மடிச்சுக் குத்தின பின்னல், சட்டைக்கு மேலால பெல்ட். இயக்கத்துப் புள்ளைகள் இப்படித்தானே உடுக்கிற. ஆமி கண்டா ஒங்களயும் கொண்டு போவான், என்னயும் கொண்டு போவான். எனக்கும் பொம்புளப் புள்ளைகள் ஈக்கி."

அந்த வாரம் தமிழ்ப் பெண்கள் தங்கும் போர்டிங்குகளில் சோதனை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருத்தியைக் கொண்டுபோயிருந்தார்கள். அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. வேறு காரணம் எங்களுக்குத் தெரியாது.

"எரிச்சிருங்க நானா," என்றேன்.

அவள் படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "தர மாட்டன்."

"பைத்தியமா ஒனக்கு? முடிய வேற மாதிரி கட்டி இன்னொண்ணு எடுப்போம்."

"அதிலை நான்தான் இருப்பன். இது என்ரை அக்கா."

அப்படி ஓர் அக்கா இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா புலிகள் இயக்கத்துக்குப் போனபின், ஆமிக்குப் பயந்து, அம்மா வீட்டிலிருந்த அவள் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாராம்.

"முகம் மறந்து போச்சுது. பின்னல் போடேக்கை எனக்குத் தெரியேல்லை. கண்ணாடியிலைதான் அவளைக் கண்டனான்."

நானா அவளைப் பார்க்காமல் மேசைத் துணியைச் சரிசெய்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மூவரும் அசையவில்லை. "முதலாளி, பாஸ்போர்ட் படம் ரெடியா?" என்று ஒரு கிழவரின் குரல் கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவள் படத்தை இன்னும் ஒருமுறை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்களே செய்யுங்கோ. என்னாலை ஏலாது."

படத்தையும் நெகட்டிவையும் நானா பின்னறைக்குக் கொண்டுபோனார். பிலிம் கருகும் நாற்றம் கடைக்குள் வந்தது. கிழவரை நான்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

சேலைப் படம் கனடாவுக்குப் போய்விட்டது. பதில் வரவில்லை. அக்காவைப் பற்றியும் செய்தி இல்லை. அறைத்தோழி ஒற்றைப் பின்னலோடு வேலைக்குப் போய்வருகிறாள்.