தோளுக்கு வைத்த பெயர்

எங்கள் தையற்கூடத்தில் துணிக்கு அளவு போட்டு வெட்டுகிறவளை எல்லோரும் ‘கட்டிங் அக்கா’ என்போம். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். பொத்தான் தைக்கிற என்னையே, "கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?" என்று கேட்பாள். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவளைப் பிடிக்கும், என்ன செய்ய!

அவளுடைய எக்செல் ஷீட்டில் உடம்பளவைப் போட்டால், எப்படி வெட்டுவது என்று ஃபார்முலா சொல்லிவிடும். முன்பு ஃபார்முலாவில் B4 என்று கட்டத்தின் முகவரிதான் இருந்தது. கீழே இழுத்து நகலெடுத்தால் அதுவும் B5 என்று இறங்கிவிடும். ஒருமுறை கழுத்துக்கு மார்பளவு போய், ஒரு சட்டைக் கழுத்தில் இரண்டு பேர் நுழையலாம் போல வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்தாள்: கழுத்து, மார்பு, இடுப்பு. ஃபார்முலாவை எங்கே இழுத்தாலும் பெயர் நகராது.

அவள் தங்கைக்குச் சின்ன வயதில் கீழே விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. தொளதொளத்த சட்டைக்குள்ளேயே ஒளிந்து வளர்ந்தவள். அளவெடுக்கிற டேப்பை உடம்பில் வைக்கவே விடமாட்டாள். அவளுக்கு இப்போது வேலை கிடைத்திருந்தது. "உன் உடம்புக்குன்னே ஒரு கோட்டு தைக்கிறேண்டி" என்று கெஞ்சிக் கூத்தாடி அக்கா கூட்டிவந்தாள்.

அக்கா டேப்பை எடுக்கப் போன நேரம், தங்கை திரையைப் பார்த்தாள். இடது தோளுக்கான ஃபார்முலாவில் ‘கோணல்’ என்று இருந்தது. சமமில்லாத துண்டில் சாக்பீஸால் அப்படி எழுதுவது எங்கள் வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் அக்கா அந்தத் தோளின் கட்டத்துக்கும் அதையே வைத்திருக்கிறாள், மக்கு!

"நான் கெளம்புறேன்க்கா."

அக்காவின் முகம் செத்துப்போனது.

"தப்புதாண்டி... வேணும்னு வைக்கல. இரு, மாத்திடறேன்."

பெயர்ப் பட்டியலைத் திறந்து, கோணலை அழித்து, ‘தங்கம்’ என்று அடித்தாள். அந்தப் பெயர் இருந்த ஃபார்முலா எல்லாம் ஒரே நொடியில் மாறின. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பொத்தானைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கதவுவரை போன தங்கை திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

"தங்கமும் வேணாம்க்கா."

"வேற என்னடி வைக்க?"

"இடது தோள்னு வை. அது தோள்தானே?"

எக்செல் பெயருக்குள் இடைவெளி விடாது; அக்கா இரண்டு சொல்லையும் ஒட்டி ‘இடதுதோள்’ என்று அடித்தாள். தங்கை பையை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைத் தளரவிட்டு, டேப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.