வலிக்கவே இல்லைங்க!

செவ்வாய்க்கிழமை காலை கொண்டை போடக் கையைத் தூக்கினேன். வலது கை காதுவரை வந்தது. அதற்கு மேல்... ம்ஹூம்!

இது புதிதில்லை. வலது பக்கத் தோள்பட்டை எலும்பு சரியாக நகராமல் முதுகில் புடைத்துக்கொண்டு நிற்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. ஆர்.எஸ்.புரத்தில் பிசியோதெரபிக்கும் போகிறேன். சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது... எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறேன். பிறகு ஏன் கை ஏறவில்லை?

அன்றைக்கு பிசியோதெரபிஸ்ட் என் முதுகை நெடுநேரம் பார்த்தாள். சூலூர்ப் பெண், என் மகள் வயது.

"வலியும் இல்லீங்கறீங்க, எலும்பும் நகர மாட்டேங்குதுங்கம்மா. எதுக்கும் நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பார்த்தரலாங்களா?"

நரம்பா? கை இப்படியே நின்றுவிடுமா? ஸ்கூட்டர் ஓட்ட முடியாதா? ஆயுசுக்கும் யாராவதுதான் எனக்குத் தலை பின்னிவிட வேண்டுமா? போனில் தேடினேன். தேடியிருக்கவே கூடாது.

அடுத்த முறை வீட்டுக்காரரும் துணைக்கு வந்தார். சுவரைத் தள்ளினேன். அவள் வழக்கம்போலக் கேட்டாள்: "வலிக்குதுங்களாம்மா?"

"இல்லைங் கண்ணு, பரவால்லைங்க."

வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, இவ சொல்றத நம்பாதீங்க. ஊட்டுல செவுத்தத் தள்றப்ப 'அய்யோ அம்மா'ன்னு கத்தறா. பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து எட்டிப் பார்த்துப்போட்டுப் போறாங்க!"

அவள் என்னைப் பார்த்தாள். "நெசமாங்களாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெண் அவ்வளவு அக்கறையாகச் சொல்லித்தருகிறாள். வலிக்கிறது என்றால் மனசு சங்கடப்படாதா? நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். விருந்துக்குப் போன இடத்தில் குழம்புக் காரத்தில் கண்ணீர் வந்தாலும் "நல்லாருக்குங்க" என்றுதான் சொல்வோம். அதே பழக்கத்தில் இங்கேயும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவளும் அதை நம்பிப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். வலிக்குப் பயந்து நான் கழுத்தை இறுக்கித் தள்ள, தோள்பட்டை எலும்பு அதுபாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறது.

"வலிய மறைச்சா நான் எப்படிங்கம்மா சரி பண்றது?" என்று ரப்பர் பட்டையை வாங்கி வைத்துவிட்டாள். கோபம்தான். நியாயமான கோபம்.

இப்போது சுவரில் கையை வைத்து மெல்ல மேலே நகர்த்துவது மட்டும்தான். வலித்தால் உடனே நிறுத்தி, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் எலும்பு நகர்ந்தால் சரி. இல்லையென்றால் நரம்பு டெஸ்ட்.

பயம் போய்விட்டதா? எங்கே போகிறது... ஒரே ஒரு வித்தியாசம். இப்போது "வலிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பயப்படுகிறேன்!