லாரிக்குத் தைத்த துணிப்பை

என் மகளுக்குக் கேழ்வரகுப் பால் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. எந்தத் துணியில் வடிகட்டுவது? மல் துணியில் வடிகட்டினால் உமி இறங்கிவிடுமோ என்று பயம். கெட்டித் துணியில் வடிகட்டினால் சத்தெல்லாம் துணியிலேயே தங்கிவிடுமோ என்று பயம். வடிகட்டிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சந்தேகப்பட்டு, இன்னொரு துணியை எடுப்பதற்குள் குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிடும். ஒருநாள் என் கணவர், “உங்கள் வீட்டில் எல்லோருமே இப்படித்தான் துணி பார்ப்பீர்களா?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு உடனே என் அப்பா, எங்கள் நைனா, ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்துப் பார்த்துத் துணி எடுத்தவர் அவர் ஒருவர்தான். அவர் எடுத்தது ஒரு லாரிக்காக.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நைனா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. நைனா துறைமுகத்துச் சரக்கு ஏற்றும் ஒரு முதலாளியிடம் டிரைவர். மாமா அதே வண்டியில் கிளீனர். பல வருஷமாக ஒரு பழைய பெட்ரோல் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த நைனாவிடம், முதலாளி புதிதாக வாங்கிய டீசல் லாரி வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் துறைமுக ரோட்டிலேயே டீசலில் ஓடும் லாரி அபூர்வம். அது தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். அம்மா அடுப்படியிலிருந்தே அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி, “தோ, வந்துகினு கீறாரு” என்பாள்.

வண்டி நைனாவுக்கே என்று முதலாளி சொல்லிவிடவில்லை. “பார்க்கலாம்” என்றுதான் சொல்லியிருந்தார். அவருடைய சொந்த ஊரிலிருந்து வந்த இன்னொரு டிரைவர் ஷெட்டில் காத்துக்கொண்டிருந்தார். பாரத்தோடு ஒரு தடவை வழியில் நின்றால் வண்டி அவர் கைக்குப் போய்விடும். இது எனக்கே தெரியும் என்றால், வீட்டில் எத்தனை முறை பேசியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் வண்டியின் குணத்தை நைனா எனக்கு இப்படி விளக்கினார்: “பெட்ரோல் வண்டி நம்மள மாதிரி பாப்பா. போட்டத துன்னுட்டு ஓடும். இது முதலாளி மாதிரி. சோத்துல ஒரு கல்லு பல்லுல பட்டா போதும், எலைய வுட்டு எழுந்துக்கும்.”

அந்தக் கல் பல்லில் படாமலிருக்கத்தான் வண்டியில் பில்டர் இருந்தது. டாங்கிலிருந்து வரும் எண்ணெய் முதலில் ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் நுழையும். கிண்ணத்துக்குள் ஒரு கம்பிக் கூண்டு. கூண்டின்மேல் பை மாதிரி ஒரு துணி உறை. எண்ணெய் அந்தத் துணியைக் கடந்துதான் என்ஜினுக்குப் போக முடியும். பீப்பாயில் வந்த டீசலில் துருவும் மண்ணும் தண்ணீரும் இருந்ததால், வண்டியோடு வந்த உறைகள் சீக்கிரமே அடைத்துப் போயின. புதியவை கப்பலில் வரவேண்டும். அதற்குள் முதலாளிக்கு ஒரு பெரிய வேலை கிடைத்துவிட்டது. கப்பலில் வந்த ரங்கூன் அரிசியைத் திருவொற்றியூர் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி பழுது பார்க்கும் கொருக்குப்பேட்டை மேஸ்திரி, “வூட்ல தெச்சுப் போட்டுக்கோ. ஆனா துணிய பாத்து எடு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பின்கட்டில் துணிப் பரீட்சை நடந்தது. எண்ணெய் பிடிக்க நைனா அம்மாவிடம் சொம்பு கேட்டார்.

“அந்தக் கலீஜ் எண்ணெய்க்கு எஞ்சொம்பா? நல்லாக் கீதே நாயம்” என்று அம்மா கொட்டாங்குச்சிகளை எடுத்து வைத்தாள்.

மல் துணியில் ஊற்றினால் எண்ணெய் வேகமாக இறங்கியது, கறுப்புத் தூளும் கூடவே இறங்கியது. மாமா எங்கிருந்தோ வாங்கி வந்த பிளானல் துணியில் தூள் நின்றது. ஆனால் துணியின் பஞ்சு எண்ணெயில் மிதந்தது. கித்தானில் சொட்டுச் சொட்டாக வந்தது. மாமா பொறுமை இழந்து, “இப்டி சொட்னா லாரி திருவொற்றியூர் போய்ச் சேர்றதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணமாயிடும்” என்றார். கடைசியில் நைனா தன் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டாக மடித்து ஊற்றினார். பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பஞ்செல்லாம் உதிர்ந்த வேட்டி. எண்ணெய் தடையில்லாமல் இறங்கியது. கொட்டாங்குச்சியை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஓடிய நரம்பு தெரியுமளவுக்குத் தெளிவு. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அம்மாவுக்குத்தான் மனசாகவில்லை. “அத்தினி பெரிய வண்டிக்குப் பழைய வேட்டியா? பிளானல் எவ்ளோ லட்சணமாக் கீது!”

“லட்சணம் பாக்கறதுக்கு அது இன்னா மாப்பிள்ளையா? நீ தெச்சுக் குடுமே. நல்லா அலசிப் போடு, ஒரு தூசி இருக்கக் கூடாது.”

அம்மா தைத்தாள். சோப்புப் போட்டு அலசினாள். திரும்ப அலசினாள். அதற்குப் பிறகு, எங்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் செய்வதை அதற்கும் செய்தாள். சோறு வடித்த கஞ்சியை ஒரு துளி கட்டி இல்லாமல் வடிகட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, பையை அதில் முக்கிப் பிழிந்தாள். முதலாளி கண்ணில் படப்போகிற பொருள், தொளதொளவென்று இருந்தால் குடும்பத்துக்குத்தானே கேவலம்? கொடியில் அது சுருங்காமல் காய்வதற்காக ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி நின்றது.

மறுநாள் காலையில் நைனா முதலாளியோடு துறைமுகத்துக்குள் சரக்கு பார்க்கப் போயிருந்தார். ஷெட்டில் பையை மாட்டியது மாமாதான். விறைப்பாக இருந்ததால் கூண்டின்மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொண்டது என்று அவருக்கு ரொம்பப் பெருமை. வெறும் வண்டியை நைனா எடுத்துப் பார்த்தார். நன்றாகவே ஓடியது.

புது வேலையின் முதல் பாரம் போகும் வண்டியில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து போனால் நல்லது என்பது முதலாளியின் நம்பிக்கை. அதனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பட்டுப்பாவாடை கட்டி, நைனாவுக்கும் முதலாளிக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். மாமா மூட்டைகளின் மேல். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டி கிளம்பியது.

காலடிப்பேட்டை தாண்டும்போதே வண்டியின் குரல் மாறியது. நைனா மிதிக்க மிதிக்க அது மூச்சு வாங்கியது. முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். திருவொற்றியூர் தேரடிக்குக் கொஞ்சம் முன்னால், நடுரோட்டில், இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர்களுக்கு அன்று திருவிழா. லாரி வந்ததிலிருந்து அவர்களுக்குச் சரக்கு குறைந்திருந்தது. ஒருவர் வண்டியை நிறுத்தி, “இன்னா நைனா, பசியா அதுக்கு? ரெண்டு கட்டு வைக்கோல் கீது, போடட்டா?” என்றார்.

மேலேயிருந்து மாமா, “வெச்சுக்கோ, ராத்திரி வூட்ல உனக்கு ஆவும்” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

நைனா மூடியைத் திறந்து கிண்ணத்தைக் கழற்றினார். நானும் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். டீசலில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும், அது அடியில் தேங்கும். அந்தத் தண்ணீர் பட்டதில் பையின் கீழ்ப்பாதி கொழகொழவென்று ஆகி எண்ணெயை அடைத்திருந்தது. மேல்பாதி இன்னும் விறைப்பாகவே நின்றது. நைனா விரலில் கொஞ்சம் எடுத்து நைத்துப் பார்த்தார். இன்னொரு முறை நைத்தார். பிறகு கை அப்படியே நிற்க, என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. நான்தானே முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்! “நைனா, அது” என்று ஆரம்பித்தேன்.

“பாப்பா, போய் மாமாகிட்ட கயிறு வாங்கிக்கினு வா” என்றார்.

கயிறோடு நான் திரும்பியபோது முதலாளி குரல் உயர்ந்திருந்தது. “யார் மாட்டியது? உன் மச்சான்தானே? அவன்தான் ஏதோ செய்திருக்கிறான்.”

“அவன் சரியாத்தான் மாட்டிகீறானுங்க. துணி நான் எடுத்தது. தப்பான துணிய எடுத்துட்டேன்.”

“நீ எடுத்ததா? வேறு யாரிடமாவது கேட்டாயா?”

“யாரையும் கேக்கலீங்க. நானேதான்.”

முதலாளி பையை எட்டிப் பார்த்தார். பிறகு, “ஒரு முழத் துணி பார்த்து எடுக்கத் தெரியவில்லை உனக்கு” என்றார்.

நைனா தலையில் கட்டியிருந்த பழைய துண்டை அவிழ்த்து, உதறி, கூண்டைச் சுற்றி இரண்டு மடிப்பாகக் கட்டினார். ஒரு திருகாணியைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்து, உள்ளே புகுந்த காற்றுக் குமிழெல்லாம் போய் எண்ணெய் ஒழுங்காக வரும்வரை காத்திருந்தார். வண்டி கிளம்பி, மூச்சு வாங்காமல் கிடங்கு போய்ச் சேர்ந்தது. ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை. அடுத்த வாரமே டீசல் லாரியில் முதலாளியின் ஊர்க்காரர் உட்கார்ந்தார். நைனாவும் மாமாவும் பழைய பெட்ரோல் வண்டிக்குத் திரும்பினார்கள்.

வீட்டில் அம்மா கேட்டபோதும் நைனா அதையேதான் சொன்னார். “துணி சரியில்லமே. நான் எடுத்தது தப்பு.”

“நான் அப்பவே சொல்லல? பிளானல் போடுன்னு தலப்பாடா அடிச்சுக்கினேனே!” என்று அம்மா அழுதாள். “நான் எவ்ளோ நல்லா தெச்சுக் குடுத்தேன். எல்லாம் உன்னாலதான்.”

“ஆமாமே. நீ நல்லாத்தான் தெச்சே” என்றார் நைனா.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கஞ்சி போட்டால் துணி நன்றாகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். அதனால் கஞ்சிமேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் வருத்தமெல்லாம் வேறு. விரலில் எடுத்து நைத்துப் பார்த்தும், சோறு வடித்த கஞ்சியை அடையாளம் தெரியாமல், என் முகத்தைப் பார்த்து முழித்தாரே என்று அவர்மேல் பரிதாபப்பட்டேன். எப்போது எனக்கு விஷயம் புரிந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நைனா போன பிறகுதான். அம்மாவிடம் சொல்லலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சொன்னால் இந்த வயதில் தாங்குவாளா, சொல்லாவிட்டால் அவரைப் பற்றி அவள் தப்பாகவே நினைத்துக்கொண்டிருப்பாளே என்று இரண்டு பக்கமும் மனசு இழுக்கும். இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருஷத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். கடை வாசலிலேயே அம்மா நைனாவை நிறுத்திவிட்டாள். “நீ துணி எடுத்த லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே. இங்கயே குந்து” என்றாள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த பட்டாணி தின்றேன்.

“உள்ள போய் நீயும் பாக்கலாமே நைனா.”

“எனக்குத்தான் துணி பாக்கத் தெரியாதே பாப்பா.”

அந்த நேரத்தில் தெருவில் டீசல் லாரி ஒன்று போனது. நைனா பேச்சை நிறுத்திவிட்டு, அது மூலை திரும்பிச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா ஒரு புடவையை விரித்து வைத்துக்கொண்டு, வேட்டியைக் கிழித்து லாரிக்குப் போட்ட மனிதரின் கதையைக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடையே சிரித்தது. சிலர் எட்டி அவரைப் பார்த்தும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனாவைத் திரும்பிப் பார்த்தால், எல்லோரையும்விடச் சத்தமாக அவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். இப்படிக் கொஞ்சங்கூட ரோஷமில்லாத மனிதரைப் போய் எனக்கு நைனாவாகக் கொடுத்தாரே கடவுள் என்று, பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒரு படி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.