அந்தோணியாருக்குப் போன சிவப்பு மெழுகு

ஸ்டானிஸ்லாஸ் என்ற பேரை அடைக்கலமேரி முதன்முதலாகக் கேட்டது காசிமேட்டில், சங்கரா மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான். அவள் சித்தி மகள் ஜானட், அந்த ஜானட்டின் நாத்தனார், நாத்தனாரின் கொழுந்தனுக்குப் பெண் கொடுத்த குடும்பம், அந்தக் குடும்பத்தின் கடைசிப் பையன். சம்பந்தம் இப்படிச் சுற்றிக்கொண்டு வந்தது.

"பேரு ஸ்டானிஸ்லாஸ்க்கா. கார் ஓட்டறான். வாயிதான் கொஞ்சம் நீளம்" என்றாள் ஜானட்.

"கார் ஓட்டறவனுக்கு ஹாரன் வேணாமா?" என்று சொல்லித் தன் தங்கை கரோலினை அவனுக்குக் கட்டிவைத்தாள் அடைக்கலமேரி. அந்த ஹாரன் அதற்கப்புறம் ஓயவே இல்லை.

எண்ணூரில் கிரேன் பூட்ட வந்த ஜெர்மனி என்ஜினியர் வால்டருக்கு அவனை டிரைவராகப் போட்டார்கள். தற்காலிக வேலை. வருஷ முடிவில் வால்டர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நிரந்தரம், சொல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தைக்காக ஸ்டானிஸ்லாஸ் ஊரெல்லாம் அலைந்தான்.

துரைக்கு வீடு திருவொற்றியூரில், கடலைப் பார்த்த மாடி. ஜன்னலுக்குக் கீழே வஞ்சிரம் துள்ளுகிறது. அவருக்கோ டப்பாவில் அடைத்த மீன் வேண்டும், அதுவும் அவர் ஊர்க் கடல் மீன். நம் கடலில் உப்பு பத்தவில்லை போலிருக்கிறது. கறுப்பு ரொட்டி வேண்டும், புளித்த கோஸ் பாட்டிலில் வேண்டும். நம் வீட்டில் கோஸ் புளித்தால் குப்பைக்குப் போகும், துரை வீட்டில் அதற்குத் தனித் தட்டு. பர்மா பஜாரில் ஜாபர் என்று ஒரு கடைக்காரன், "தேதியப் பாக்காத மாமு, டப்பாவப் பாரு, எப்டி மின்னுது" என்று எதையாவது தலையில் கட்டுவான். துரை முதலில் தேதியைத்தான் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய பேஜாரு சீஸ். நம்ம ஊர்க் கடைச் சீஸை ஒரு தடவை கடித்துவிட்டு, இது கார் டயருக்கு ஆகும் என்று சொல்லிவிட்டார். அவர் ஊர்ச் சீஸ் கிடைத்தால் போதும், நிரந்தரத்துக்கு நானே பேசுகிறேன் என்று வாயாலேயே சொன்னார். ஸ்டானிஸ்லாஸ் கப்பலுக்குச் சாமான் ஏற்றும் ஆட்களைப் பிடித்து, மாசக்கணக்கில் கெஞ்சி, முழு வட்டச் சீஸ் ஒன்றை வரவழைத்துவிட்டான். சிவப்பாக, சின்ன மணை மாதிரி இருந்தது.

அது வந்தது அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின நாள். அன்றைக்கே துரையைப் பாண்டிச்சேரிக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும், துரை வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கரோலின் வீட்டு ஃப்ரிட்ஜோ ரிப்பேர். அக்காள் வீட்டில் மீனுக்கு வைத்த ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று நேரே அங்கே வந்தான்.

"அக்கா, துரையோடது. வெயில் படாம வெச்சிரு, உருகிடும்."

"இன்னாப்பா அது?"

"கேக்காதக்கா. ஃபாரின் சமாச்சாரம். சொன்னா உனக்குப் புரியாது."

இதுதான் ஸ்டானிஸ்லாஸ். அது சீஸ் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிட்டால் கௌரவம் என்ன ஆவது?

அடைக்கலமேரி பிரித்துப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். மெழுகு. உருகிடும் என்று வேறு சொன்னான். போன வாரம் இதே வீட்டில் உட்கார்ந்து, "துரை நம்ம ஆளுக்கா, திருவிழாவுக்குப் பெருசா ஒண்ணு செய்வாரு பாரு" என்று அளந்தவனும் அவன்தான். கணக்குச் சரியாக இருந்தது. திரி மட்டும் இல்லை. ஃபாரினில் திரி தனியாக விற்பார்கள் போல என்று நினைத்து, ஸ்டவ்வுத் திரி ஒன்றை நடுவில் குத்தி, பூவும் சுற்றி, கோயிலில் காணிக்கை மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயந்திரம் ஸ்டானிஸ்லாஸ் துரையோடு திரும்பினான். சீஸைப் பார்க்காமல் பொறுக்க முடியாமல் துரையும் கூடவே இறங்கி வந்தார். அக்காள் வீடு பூட்டியிருந்தது. கோயில் மைக்கில், "வால்டர் துரை உபயம், ஃபாரின் மெழுகுவத்தி" என்று கேட்டது. ஸ்டானிஸ்லாஸ் ஓடினான்.

"அக்கா, அது மெழுகுவத்தி இல்லக்கா, சீஸு."

"கீறிப் பாத்தேன்பா. மெழுகு."

"மேலதான் மெழுகு. உள்ள சீஸு."

"தின்ற பொருளுக்கு எவனாவது மெழுகு பூசுவானா? சொல்றதுன்னா நேத்தே சொல்லியிருக்கணும். எனக்குத்தான் புரியாதே."

"எடுத்துக் குடுத்துடுக்கா. என் வேல பூடும்."

"அந்தோணியாருக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க நான் யாரு? ஏலத்துல எடுத்துக்கோ."

அங்கே வழக்கம் அதுதான். காணிக்கையாக வந்த கோழி, தேங்காய், உப்பு எல்லாம் பூசை முடிந்து ஏலத்துக்கு வரும். கொடுத்தவனே ஆனாலும் கூவித்தான் எடுக்க வேண்டும். ஏலம் விடுவதோ காசிமேட்டு மீன் ஏலக்காரர் தாமஸ். மூச்சுவிடாமல் விலையை ஏற்றுகிறவர்.

துரை கையைத் தூக்கினார். கெட்டது போங்கள். வெள்ளைக்காரனே கேட்கிறான் என்றால் அது ரோமாபுரியில் மந்திரித்த மெழுகாகத்தான் இருக்கும் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. விசைப்படகு முதலாளி அலெக்ஸாண்டர் மேலே கேட்டார். துரை அதற்கு மேலே கேட்டார். "அண்ணே, வுடாத, நம்ம பேட்ட மானம் கீது இதுல" என்று யாரோ முதலாளிக்குச் சாவி கொடுத்தான். தாமஸுக்கு வலை நிறைய இறால் கண்ட சந்தோஷம்.

கடைசியில் துரை கையை இறக்கிவிட்டார். அந்த விலைக்கு அவர் ஊரில் மாட்டையே வாங்கலாமாம். நேரே காரில் போய் உட்கார்ந்தார். வருஷ முடிவில் கம்பெனியில் நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை சொன்னாரோ என்னவோ, ஜெர்மனில் சொல்லியிருந்தால் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது. வேலை போய்விட்டது. கரோலின் அக்காளோடு அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசவில்லை.

அலெக்ஸாண்டர் மெழுகை வீட்டில் ஏற்றிப் பார்த்தார். கருகிய வாடையில் அவர் பெண்டாட்டி வெளியே போட்டுவிட்டாள். ஏலத்தில் ஜெயித்ததைத் தூக்கிப்போட மனசு வருமா? மெழுகு உருகி உள்ளே மஞ்சளாகத் தெரிந்ததை வெட்டி வாயில் போட்டார். வஞ்சிரக் குழம்புக்குத் தொட்டுக்கொண்டார். ஒரு மாசத்தில் வட்டம் காலி. அப்புறம் ஆள்விட்டு ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட்டார்.

"இன்னொண்ணு எங்கடா கிடைக்கும்?"

"அது ஃபாரின் சமாச்சாரம் மொதலாளி, என்னைத் தவிர எவனாலயும் முடியாது" என்றான் அவன்.

ஸ்டானிஸ்லாஸ் இப்போது காசிமேட்டில் அலெக்ஸாண்டரின் ஐஸ் வேனை ஓட்டுகிறான்.