ரெங்கத்துச் செவ்வாய்க் கிரகம்

மனித குலம் செவ்வாய்க் கிரகத்துக்குப் போவதற்கு இருந்த கடைசித் தடையைத் தாண்டியவன் நான். இதை அடக்கமாகத்தான் சொல்கிறேன். ராக்கெட் இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, சோற்றைப் பொடியாக்கிப் பொட்டலம் கட்டும் கலையும் வந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி. ஒரு டப்பாவுக்குள் மனிதனால் தனியாக இருக்க முடியுமா? நான் இருந்து காட்டினேன். மூன்று நாள். ஜொகூர் மாநிலம், ரெங்கம், செம்பனைத் தோட்டத்து ஓரம்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். கீழே வருவதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொன்னது இல்லை. கல்லூரியில் கேலிப் பக்கம் நடத்துகிறவன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று எனக்கும் தெரியும். நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் சைஃபுல்லா. உலு திராமில் அத்தாவுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. டப்பா என்னுடையது இல்லை, கூடப் படிக்கும் லோஷினியுடையது. அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. அவள் சித்தப்பா மணியத்தின் நிலத்தில் ஒரு பழைய சரக்குக் கொள்கலன் கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, கூரைமேல் சாக்குப் போட்டு, விண்கலம் என்று பெயர் வைத்தாள். ஜன்னல் கிடையாது. ஒரு குழாயில் நல்ல காற்று உள்ளே வரும், இன்னொன்றில் கெட்ட காற்று வெளியே போகும். போகும் குழாயில் ஒரு கருவி. உள்ளே இருப்பவர் எவ்வளவு மூச்சு விடுகிறார் என்று அது அளக்கும்.

விண்வெளியில் கடைக்குப் போய்க் காற்று வாங்க முடியாது என்பது அவள் வாதம். அதனால் ஓர் ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு ஓர் ஆள் மூன்று நாள் கதவைத் திறக்காமல் உள்ளே இருக்க வேண்டும். திறந்தால் ஆய்வு செல்லாது. ஆய்வு செல்லாவிட்டால் அவளுக்குப் பட்டம் கிடையாது, இன்னொரு வருடம்.

முதலில் போனவன் ஆறு மணி நேரத்தில் வெளியே வந்தான். அடுத்து கவின். ஜிம்முக்குப் போகும் உடம்பு. மறுநாளே கதவை உடைக்கிற மாதிரி திறந்துகொண்டு ஓடிவந்தான். சாப்பிடும்போது எதிரே யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்ததாம். இன்னொரு தட்டில் மீ நூடுல்ஸ் போட்டு எதிரே வைத்தானாம்.

"தட்டு வெச்சா சும்மா இருந்துச்சுடா," என்று கேன்டீனில் மெதுவாகச் சொன்னான். "ரெண்டாவது நாள் ஒரு பாக்கெட் மீதான் இருந்துச்சு. நானே சாப்ட்டேன். அப்புறம்தான்…"

இதை நான் சும்மா விடுவேனா? 'செவ்வாயில் முதல் பந்தி: காற்றுக்குச் சோறு போட்டார் விண்வெளி வீரர் கவின்' என்று எழுதினேன். கல்லூரியே சிரித்தது. லோஷினி சிரிக்கவில்லை.

"எழுதினல்ல? அப்ப நீ போ உள்ள," என்றாள்.

போனேன்.

முதல் நாள் சுகம். உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்து வடிகட்டித் தண்ணீராக்க ஓர் இயந்திரம் வைத்திருந்தாள். அந்த ஈரம் என் வேர்வை. அதில் நானே தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், கலக்கிக் குடித்தேன். எங்கள் கடையில் அதைவிட மோசமானதைக் குடித்திருக்கிறேன். விண்வெளியில் பகலும் இல்லை இரவும் இல்லை என்பதால் என் தூக்கத்தையும் தலைகீழாக்கியிருந்தாள். காலை பதினொன்றுக்கு விளக்கை அணைத்தால் அதுதான் என் இரவு. ஆகவே நண்பர்களே, பேய் எனக்கு வந்தது பட்டப்பகலில்.

ஒரே கஷ்டம், பேச்சு. லோஷினி சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து எனக்குச் செய்தி அனுப்புவாள். செவ்வாயிலிருந்து பூமிக்குச் செய்தி போய்ச்சேர நேரம் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு செய்தியையும் பதின்மூன்று நிமிடம் பிடித்துவைத்து விடும் ஒரு நிரலை எழுதியிருந்தாள். நான் ஒரு ஜோக் அனுப்புவேன். இருபத்தாறு நிமிடம் கழித்து 'ஹாஹா' வரும். அதற்குள் அந்த ஜோக் எனக்கே மறந்திருக்கும். சிரிப்பு இவ்வளவு தாமதமாக வந்தால் அது இரங்கல் செய்தி போல இருக்கிறது.

உலகத்தில் எனக்கு ஆள் இருந்தது. ஆனால் கேட்ட நொடியில் இல்லை, இருபத்தாறு நிமிடம் கழித்து. இந்தத் தனிமையை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நாளின் கடைசியில் ஜோக் அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் நாள். பகல் மணி 12.40. விளக்கை அணைத்துப் படுத்திருந்தேன்.

டக்.

வெயில் ஏறினால் இரும்பு சத்தம் போடும் என்று லோஷினி முன்பே சொல்லியிருந்தாள். சும்மா விளையாட்டுக்குக் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டினேன்.

டக். டக்.

மூன்று தட்டினேன். மூன்று வந்தது. உடனே.

பூமியிலிருந்து பதில் வர இருபத்தாறு நிமிடம். இங்கே உடனே… எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தோட்டத்து ஆள் யாரோ வெளியே நின்று விளையாடுகிறார் என்று நினைத்தேன். இருட்டில் ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தேன். அலுக்கவே இல்லை. கடைசியில் லோஷினியிடம் கேட்டேன், யார் வெளியே என்று.

காத்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சாக்கின் மேல் பொத பொதவென்ற சத்தம்.

பதில் வந்தது. "வெளிய யாரும் இல்லடா. சித்தப்பா கேட்டப் பூட்டிட்டாரு. எந்தப் பக்கம் சத்தம் கேக்குது?"

எந்தப் பக்கம்… யோசித்தேன்.

நான் தட்டியது இரும்பில். 'டங்' என்று கேட்டது.

பதில் வந்தது 'டக்' என்று. மரத்தில்.

உள்ளே மரம் என்று இருந்தது ஒன்றுதான். சாப்பாட்டு மேசை. என் கட்டிலிலிருந்து நான்கடி.

விளக்கைப் போட்டேன்.

மேசை. காலி நாற்காலி. காலையில் நான் சாப்பிட்ட தட்டு. வேறு ஒன்றும் இல்லை.

2.25. மழை சட்டென்று நின்றது.

மூச்சுச் சத்தம் கேட்டது. என்னுடையதுதான் என்று நினைத்தேன். உறுதிப்படுத்திக்கொள்ள என் மூச்சை அடக்கினேன்.

அது தொடர்ந்தது…

ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு, நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிட்டது போல…

அதுவும் அடக்கியது.

திரை மின்னியது. லோஷினி. "ஒண்ணும் இல்லல்ல? கதவத் திறந்துடாதடா. ப்ளீஸ்."

பதின்மூன்று நிமிடத்துக்கு முன் எழுதியது.

கதவில் முதுகை ஒட்டி உட்கார்ந்தேன். தாழ்ப்பாளில் கை.

பிஸ்மில்லா சொன்னேன்.

திறக்கவில்லை.

நான் மூச்சு விட்டேன். அது விட்டது.

நான்.

அது.

மூன்றாம் நாள் முடியும்வரை அப்படியே.

லோஷினி கதவைத் திறந்தபோது அழுதுவிட்டாள். சந்தோஷத்தில். நான் செவ்வாயில் வை-ஃபை சரியில்லை என்று ஏதோ சொன்னேன். அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கதவைப் பூட்டினாள். இருவரும் ரெங்கம் பட்டணத்துக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை அவள் மடிக்கணினியோடு கேன்டீனுக்கு வந்தாள். முகம் சரியில்லை. விரிவுரையாளர் திருச்செல்வம் ஆய்வை ஏற்கவில்லையாம். கருவி காட்டிய கணக்கு, ஆரம்பம் முதல் கடைசிவரை, இரண்டு பேருடைய மூச்சு. துணைக்கு ஆள் வைத்து ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றாராம். மறுபடி செய்து ஓர் ஆள் கணக்கைக் காட்டினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

யாரும் என்னோடு இல்லை என்றேன். தெரியும் என்றாள். கவின் இருந்தபோது கருவி வரைந்த கோட்டைத் திரையில் காட்டினாள். முதல் நாள் முழுக்க, எதிரே தட்டு வைத்தவரை, அது ஓர் ஆள் அளவில்தான் போகிறது. இரண்டாம் நாள், அந்தக் கடைசி மீ பாக்கெட்டை அவன் தனியாகச் சாப்பிட்ட நேரத்திலிருந்து, இரண்டு ஆள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள். "நீ வெளிய வந்தப்புறம் கருவிய நிறுத்த மறந்துட்டேன். ரெண்டு நாள் ஓடியிருக்கு."

காலிக் கொள்கலன். பூட்டிய கதவு. கோடு பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

பாதிக்குத்தான் இறங்கியிருந்தது. அங்கேயே நின்றது. இரண்டு நாளும்.

அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. யாரையும் கேட்கவில்லை. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீ பாக்கெட் இரண்டு மடங்கு வாங்கிவை என்றேன்.

திங்கட்கிழமை. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மீ வேகவைத்தேன்.

இரண்டு தட்டு எடுத்தேன். முதலில் எதிர்ப்பக்கத்துத் தட்டில் போட்டேன்.